மணி அடித்ததும் இரண்டாகப் பிரியும் வகுப்பு

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் ராயபுரம் பக்கம் அரசு உதவி பெறும் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வாரத்தில் இரண்டு பீரியட் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி என்னும் தங்கள் மதப் பாடத்துக்குப் போகிறார்கள். மற்றவர்களுக்கு மாரல் சயின்ஸ். "அடுத்த வருடம் பொதுத்தேர்வு. இந்த நேரத்தில் இது எதற்கு? உயர்நிலை வகுப்பில் மதத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதால் உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா? சட்டப்படி இப்படி நடத்தலாமா?" என்பது கேள்வி.

வடசென்னைப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என் பதில் பாதி ஆமாம், பாதி இல்லை. மதங்களைப் பற்றிய அறிவு ஒன்பதாம் வகுப்புக்கு மேல் கட்டாயம் தேவை. கணக்கு பீரியடுக்காக அதைத் தியாகம் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மகளின் பள்ளியில் நடப்பது அது அல்ல. மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்து, இவர்கள் ஒரு அறைக்கும் அவர்கள் ஒரு அறைக்கும் போவதில் பயன் குறைவு, கெடுதல் கொஞ்சம் உண்டு. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு மூன்று விஷயம் சொல்கிறது. முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில், அதாவது மாநகராட்சிப் பள்ளி, அரசுப் பள்ளி போன்றவற்றில், மத போதனை கூடவே கூடாது. மத போதனை வேண்டும் என்று விதித்த அறக்கட்டளையால் தொடங்கப்பட்டு, இப்போது அரசு நிர்வகிக்கும் பள்ளிக்கு விலக்கு உண்டு. அது நமக்கு இங்கே தேவையில்லை. மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது: அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ மத போதனை நடத்தலாம், ஆனால் யாரையும் அதில் கட்டாயப்படுத்த முடியாது. பிள்ளை மைனர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிரார்த்தனைக்கும் இதே விதிதான். அதனால் பள்ளி செய்வது தப்பில்லை. கத்தோலிக்கர் அல்லாதவர்களை அவர்கள் மறைக்கல்விக்கு அழைப்பதும் இல்லை. மாரல் சயின்ஸ் புத்தகத்தில் வழிபாடோ மத போதனையோ இல்லாதவரை அது சாதாரணப் பாடம்தான், அதிலிருந்து விலக்குக் கேட்க இந்தப் பிரிவு உதவாது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. மத போதனைக்கும், மதங்களைப் பாடமாகப் படிப்பதற்கும் நீதிமன்றம் தெளிவாகக் கோடு போட்டிருக்கிறது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதங்களைப் பற்றிப் பள்ளியில் கற்பிப்பதை 28ஆவது பிரிவு தடுக்கவில்லை என்றது. தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவரான தர்மாதிகாரி, அந்தக் கோடு மிக மெல்லியது, ஒன்றின் பெயரில் மற்றொன்று நுழைந்துவிடாமல் கவனமாக இருக்க வேண்டும் என்று எச்சரித்தும் எழுதினார். அதற்கு வெகு முன்பே, 1964–66 கோத்தாரி கல்விக் குழு, முக்கியமான மதங்கள் ஒவ்வொன்றைப் பற்றியும் தேர்ந்தெடுத்த செய்திகளைப் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தது. சட்டம் கதவைச் சாத்தவில்லை. நாம்தான் உள்ளே போகப் பயப்படுகிறோம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அது பிறந்த இடமும் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் சற்று நேரத்தில் போய்விடக்கூடிய ஆர்மேனியன் தெருதான். ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837இல் அங்கே பள்ளி தொடங்கினார். நல்ல ஆங்கிலம், நல்ல கணக்கு, கூடவே தினமும் பைபிள். ஜார்ஜ் டவுன் குடும்பங்கள் ஆங்கிலத்துக்காகப் பிள்ளைகளை அனுப்பின, பைபிளைப் பொறுத்துக்கொண்டன. ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களைச் சேர்த்தபோது ஒரு கூட்டம் விலகியது. ஆண்டர்சன் அதற்கு அசையவில்லை, அந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் நான். ஆனால் 1841இல் மாணவர்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும் ஊரே கொதித்தது. பள்ளி காலியானது. அடுத்த வருடம், 1842இல், பிராட்வேயில் பச்சையப்பன் அறக்கட்டளைப் பணத்தில் பள்ளி திறந்தது; மிஷன் பள்ளிக்கு அனுப்பப் பயந்தவர்களுக்கு ஒரு மாற்று கிடைத்தது. என்ன விலைக்கு? அந்த நிறுவனத்தில் 1947 வரை இந்துக்களுக்கு மட்டுமே இடம்.

கதை அதோடு நிற்கவில்லை. கவர்னர் ட்வீடேல் காலத்தில், 1846இல், அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடப் புத்தகமாக வைக்கலாம் என்று யோசனை எழுந்தது. சென்னை வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று எதிர்ப்புக் கூட்டம் நடத்தினார். லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் யோசனையை நிராகரித்தார்கள். கம்பெனி ஆட்சியின் கல்விக் கொள்கையை வகுத்த 1854 உட் கல்வி அறிக்கை ஒரு சமாதானத்துக்கு வந்தது: பைபிள் நூலகத்தில் இருக்கலாம், பையன் தானாகக் கேட்டால் பள்ளி நேரத்துக்கு வெளியே ஆசிரியர் விளக்கலாம், பாடத்தில் வேண்டாம். நூற்று எழுபது வருடத்துக்கு முந்தைய அந்த ஏற்பாட்டின் சாயல்தான் உங்கள் மகளின் கால அட்டவணையில் இன்னும் இருக்கிறது. ஆளுக்கொரு அறை, யாரும் யாரையும் தொடாமல்.

சரி, பயன் என்ன என்ற கேள்விக்கு வருவோம். பெரும்பாலான பெற்றோர் எதிர்பார்ப்பது ஒழுக்கம். பிள்ளை கெட்டுப்போகாது, போன் பார்க்காது, கஞ்சா பக்கம் போகாது, பெரியவர்களை மதிக்கும். மன்னிக்கவும், இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மத வகுப்பில் நன்றாக மனப்பாடம் செய்கிற பையன் தேர்வில் காப்பியடிக்காமல் இருப்பான் என்பதற்கு என் பணிக்காலத்தில் அடையாளம் கண்டதில்லை. ஒழுக்கத்தைப் பிள்ளைகள் வீட்டிலும் வகுப்பிலும் நடப்பதைப் பார்த்துக் கற்கிறார்கள். நன்கொடைக்கு ரசீது தராத நிர்வாகம், வாய்மையைப் பற்றிப் பாடம் நடத்தி என்ன ஆகும்? ஒழுக்கத்துக்காகத்தான் மதக் கல்வி என்றால், அந்த பீரியடை நீங்கள் கணக்குக்கே கொடுத்துவிடலாம். (வழக்கமாக அப்படித்தான் நடக்கிறது. அரசுப் பள்ளிகளில் நீதி போதனை பீரியட் என்று அட்டவணையில் இருக்கும். டிசம்பருக்குப் பிறகு அது யாருடைய கையில் இருக்கும் என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.)

உண்மையான பயன் வேறு. நம் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்காரன் என்ன நம்புகிறான் என்று தெரியாமலே வளர்கிறார்கள்; அந்த இடத்தை வாட்ஸ்அப் நிரப்புகிறது. பதினான்கு வயதுவரை இது பெரிதாகத் தெரியாது. சின்ன வகுப்பில் ரம்ஜானுக்குப் பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும், பொங்கலுக்குக் கரும்பு போகும், அதோடு சரி. ஒன்பதாம் வகுப்பில் 'ஏன்' வருகிறது. நண்பன் ஏன் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறான், இவள் ஏன் பிரசாதம் வாங்க மாட்டேன் என்கிறாள், அவர்கள் ஏன் புதைக்கிறார்கள், நாம் ஏன் எரிக்கிறோம். அந்த நேரத்தில் பதில் சொல்ல வகுப்பறையில் யாரும் இல்லை என்றால், சொல்வதற்குத் தெருவில் ஆள் இருக்கிறது. அதனால்தான் தொடக்கப் பள்ளியைவிட உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் இது அவசியம் என்கிறேன்.

இதற்கு வடசென்னையைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் உண்டா என்று எனக்குச் சந்தேகம். ஆர்மேனியன் தெரு ஒன்றிலேயே 1772இல் கட்டிய ஆர்மேனியர் தேவாலயம், கத்தோலிக்கரின் புனித மேரி இணைப் பேராலயம், கச்சாலீசுவரர் கோயில் மூன்றும் இருக்கின்றன. இரண்டு தெரு தள்ளினால் மண்ணடிப் பள்ளிவாசல்கள். சவுகார்பேட்டையில் சமணர் கோயில்கள். ராயபுரத்தில் படகோட்டிகள் கட்டிய புனித பேதுரு ஆலயம். அங்கேயே 1910இல் கட்டிய பார்சிகளின் நெருப்புக் கோயில், தமிழ்நாட்டில் இருப்பது அது ஒன்றுதான். அதற்குள் மற்றவர்கள் போக முடியாது. ஏன் போக முடியாது என்பதே ஒரு நல்ல பாடம். தொண்டியிலிருந்து வந்து இங்கே வாழ்ந்து அடங்கிய சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு, சித்தர் மொழியில் பராபரக் கண்ணி பாடினார். அவரைக் குருவாகக் கொண்டவர்களில் இந்துக்களும் இருந்தார்கள். கந்தகோட்டத்து முருகன் முன்னால் நின்று பாடிய ஏழுகிணறுச் சிறுவன் ராமலிங்கம், பிறகு சாதியும் மதமும் சமயமும் பொய் என்று எழுதும் வள்ளலார் ஆனார். ஒரே மனிதருடைய வாழ்க்கையில் அவ்வளவு தூரம் எப்படி நடந்தது என்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் போதாது.

நான் வழக்கமாகத் தொடங்குவது கறிக்கடையிலிருந்து. மகாவீர் ஜெயந்திக்கும், வள்ளலார் நினைவு நாளுக்கும், திருவள்ளுவர் தினத்துக்கும் சென்னையில் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி அறிவிப்பு வரும். வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகளுக்கு இது நேரடி அனுபவம். அன்றைக்கு வீட்டில் முட்டைக் குழம்பு. ஏன் மூடுகிறார்கள் என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதிலிருந்து சமணரின் அகிம்சை வரும், வள்ளலாரின் புலால் மறுத்தல் வரும், வள்ளுவர் சமணரா என்ற பழைய சண்டை வரும். அப்புறம் ஒருவன் எழுந்து, "அவங்க சாப்பிடலைன்னா எங்க அப்பா கடையை ஏன் சார் மூடணும்?" என்று கேட்பான். அப்பா கறிக்கடைக்காரர். அந்தக் கேள்வியைத்தான் நான் மதக் கல்வி என்கிறேன். ஒருவருடைய நம்பிக்கைக்கு ஊர் எவ்வளவு வழி விடவேண்டும், யாருடைய செலவில் என்பதை நாளைக்கு ஓட்டுப் போடப்போகிறவர்கள் யோசித்துப் பழகவேண்டும். சவுகார்பேட்டைப் பையனும் கறிக்கடைக்காரர் மகனும் ஒரே பெஞ்சில் இருந்தால்தான் அந்தப் பேச்சே நடக்கும்.

பிரித்து நடத்துவதை நான் எதிர்ப்பது இதனால்தான். பிரித்து நடத்திய ஊர்களின் அனுபவமும் நம் முன் இருக்கிறது. இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம். நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்ற சாதாரண தரத் தேர்வுவரை சைவப் பிள்ளை சைவநெறி படிக்கிறது, பௌத்தப் பிள்ளை பௌத்தம், முஸ்லிம் பிள்ளை இஸ்லாம், கிறிஸ்தவப் பிள்ளை கிறிஸ்தவம். தமிழில் நல்ல சைவநெறிப் பாடநூல்கள் அதனால் வந்தன, நாயன்மார் கதைகளைப் பற்றிக் கேட்டால் நம் பிள்ளைகளைவிட அங்குள்ளவர்கள் நன்றாகச் சொல்வார்கள். ஆனால் அடுத்தவரின் சமயத்தைப் படிக்க அந்த ஏற்பாட்டில் இடமில்லை. தன் மதத்தைப் பத்து வருடம் படித்தவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள் என்று அந்த நாட்டின் வரலாறு சொல்லவில்லை. போருக்குக் காரணம் பாடப் புத்தகம் என்று நான் சொல்ல வரவில்லை. அது தடுக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

சிங்கப்பூர் கதை இன்னும் நேரடியானது. 1984இல் அங்கே நம் ஒன்பது, பத்து வகுப்புக்குச் சமமான உயர்நிலை மூன்று, நான்கில் சமய அறிவைக் கட்டாயமாக்கினார்கள். பைபிள், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், சீக்கியம், கன்பூசிய நெறி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நோக்கம் ஒழுக்கம்தான், மேற்கத்தியக் காற்றில் இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள் என்ற கவலை. சில வருடத்திலேயே மதப் பற்றும் மதம் பரப்பும் வேகமும் கூடுகின்றன, பாடம் அதற்குத் துணைபோகிறது என்று அரசே அஞ்சி, 1990இல் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அதே வருடம் மத நல்லிணக்கத்துக்குச் சட்டமும் போட வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் சிங்கப்பூரைப் பார்த்து நாம் கற்கலாம். தப்பு என்று தெரிந்ததும் ஆறு வருடத்தில் நிறுத்தினார்களே, அதையும் சேர்த்து.

அப்படியானால் சேர்த்து நடத்துவதற்கு முன்மாதிரி வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டுமா? தமிழில் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய ஒன்று இருக்கிறது. மணிமேகலையின் இருபத்தேழாவது காதை. மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய், உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், கடைசியில் பூதவாதி. அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே சொல்ல விடுகிறார் நூலை எழுதிய சாத்தனார். கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்காத பூதவாதியிடம் மட்டும், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். சாத்தனார் பௌத்தர், யார் ஜெயிப்பார் என்பது முன்பே முடிவானதுதான், அதை மாணவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கடவுள் இல்லை என்பவனுக்கும் அந்த வரிசையில் ஓர் இடம் கொடுத்தாரே, அதைப் பிடித்துக்கொள்ளலாம். பெரியாரை விட்டுவிட்டு தமிழ்நாட்டில் மதத்தைப் பற்றிப் பேசும் பாடம் அரைப் பாடம்தான்.

சாதியை விட்டுவிட்டாலும் அப்படியே. "எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது" என்ற ஒரு வாக்கியம் நம் மாரல் சயின்ஸ் புத்தகங்களை ஆள்கிறது. பிள்ளைகள் அதை நம்புவதில்லை. ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுவார்கள், அவ்வளவுதான். கோயிலுக்குள் யார் நுழைய முடியாமல் இருந்தது, அதற்காக 1939இல் சென்னை மாகாணத்தில் ஏன் சட்டம் வேண்டியிருந்தது, தேவாலயத்திலும் கல்லறையிலும் தனி இடம் ஒதுக்கியது யார், அம்பேத்கர் 1956இல் ஏன் பௌத்தம் போனார், இதெல்லாம் இல்லாமல் வியாசர்பாடியில் மதப் பாடம் நடத்த நின்றால் முன் பெஞ்சே சிரித்துவிடும். மதங்களுக்குள் வேறுபாடு இருக்கிறது, சண்டையும் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே அநியாயத்தை எதிர்த்தவர்களும் இருந்தார்கள் என்று நேராகச் சொன்னால் பதினைந்து வயது தாங்கும்.

ஆபத்து எங்கே என்றால், நடத்துகிற ஆள். 2024இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளிக்கு அழைக்கப்பட்ட ஆன்மிகப் பேச்சாளர், மாற்றுத்திறனோடு பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் பலன் என்ற பொருளில் மாணவிகள் முன் பேசினார். பார்வைத்திறன் இல்லாத ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்தார். விவகாரம் மாநிலம் முழுக்க வெடித்தது, பேசியவர் கைதானார். பலர் இதைக் காட்டி, பார்த்தீர்களா, பள்ளிக்குள் மதப் பேச்சே கூடாது என்றார்கள். எனக்குத் தோன்றியது நேர்மாறு. முன்வாசலில் ஒழுங்கான பாடம் இருந்திருந்தால், வினைக் கொள்கை என்றால் என்ன, சமணர் அதை எப்படிச் சொன்னார்கள், பௌத்தர் எப்படி, அதை மறுத்தவர்கள் எப்படி என்று படித்த மாணவி அந்தக் கூட்டத்தில் கை தூக்கியிருப்பாள். 'ஊக்கப் பேச்சு' என்ற பெயரில் பின்வாசல் வழியாக வருவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

ஆசிரியர் யார் என்பதற்கும் பதில் இருக்கிறது: தமிழாசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும். புதுப் பாடமோ புதுப் பதவியோ வேண்டாம். பத்தாம் வகுப்புத் தமிழில் கிறிஸ்தவக் காப்பியமான தேம்பாவணி இருக்கிறது. மேல்நிலையில் நபிகள் வரலாறு சொல்லும் சீறாப்புராணமும் கிறிஸ்தவக் காப்பியமான இரட்சணிய யாத்திரிகமும் வருகின்றன. கம்பனும் சேக்கிழாரும் ஆழ்வார்களும் எப்போதும் உண்டு. 2016இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு குறளின் அறத்துப்பாலும் பொருட்பாலும் ஆறாம் வகுப்பிலிருந்து பரவலாக வந்துவிட்டன. எந்த மதத்துப் பிள்ளையும் எல்லாவற்றையும் ஒரே அறையில் படிக்கிற ஏற்பாடு தமிழ் வகுப்பில் ஏற்கெனவே நடக்கிறது. குறை என்ன என்றால், சீறாப்புராணத்தை எதுகை மோனைக்காக நடத்திவிட்டு நபிகள் யார் என்பதைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆசிரியருக்கும் கூச்சம், தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால் பெற்றோர் வாசலில் வந்து நிற்பார்களே என்ற பயம். பி.எட். படிப்பில் இதற்கென்று பயிற்சி எடுத்து வந்த ஆசிரியரை நான் பார்த்ததில்லை. அந்தப் பயிற்சி கொடுத்தாலே பாதி வேலை முடியும். மதிப்பெண் மட்டும் வேண்டாம். மார்க் போட்டால் அதற்கும் கைடு வரும், 'இஸ்லாமின் ஐந்து தூண்கள் – ஐந்து மதிப்பெண்' என்று முடிந்துவிடும்.

இனி உங்கள் மகள் விஷயம். மாரல் சயின்ஸ் புத்தகத்தை வாங்கி ஒரு முறை நீங்களே புரட்டுங்கள். நல்ல கேள்விகள் இருந்தால் இருக்கட்டும். வாரம் இரண்டு பீரியடில் பத்தாம் வகுப்புக் கணக்கு மூழ்கிவிடாது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஒன்று கேட்டுப் பாருங்கள்: மாதத்தில் ஒரு பீரியடாவது இரண்டு பிரிவையும் சேர்த்து உட்காரவைத்து, பிள்ளைகளே தங்கள் வீட்டுப் பண்டிகையையோ சடங்கையோ விளக்கி, மற்றவர்கள் கேள்வி கேட்கும்படி நடத்த முடியுமா என்று. சில கன்னியாஸ்திரி தலைமையாசிரியைகள் இதற்கு நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் ஒப்புக்கொள்வார்கள். பிரார்த்தனைக் கூட்டம், திருப்பலி, தியானம் என்று எதற்காவது கட்டாயம் என்று சொல்லி, உங்களுக்கு விருப்பமில்லை என்றால், 28(3) பிரிவைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்; சண்டை போடும் தொனி வேண்டாம், இரண்டு வரி போதும். அதற்கு முன்னால் சேர்க்கைப் படிவத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். சம்மதம் என்று அச்சடித்த வரியின் கீழ் நாமே கையெழுத்துப் போட்டிருப்போம். அப்படி இருந்தால் கடிதத்தில் அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகவும் ஒரு வரி சேர்த்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.